கரிசல் சகதியில் பின்சக்கர இயக்கப் பிக்கப்: பிடிமானம் கூட்ட என்ன செய்யலாம்?

வைப்பாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். விளாத்திகுளத்துக்கு வடக்கே எங்கள் குடும்பத்துக்குப் பதினோரு ஏக்கர் மானாவாரிக் கரிசல் நிலம் இருக்கிறது. மக்காச்சோளமும் உளுந்தும்தான் முக்கிய வெள்ளாமை, ஓரமாக ஒன்றரை ஏக்கரில் மிளகாய். தார்ச்சாலையை விட்டு இறங்கினால் காட்டுக்குப் போய்ச் சேர ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வண்டிப்பாதை உண்டு. அதன் நடுவே ஒரு சிற்றோடை குறுக்கிடுகிறது. கோடையில் அந்தப் பாதையில் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். ஐப்பசி பிறந்து இரண்டு மழை விழுந்துவிட்டால் அதே பாதை வேறு பாதையாகிவிடுகிறது.

என்னிடம் இருப்பது ஒன்றரை டன் சுமக்கும் டீசல் பிக்கப். எஞ்சின் விசை பின்சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது. டியூப் போட்ட டயர்கள். பின்னால் 60, முன்னால் 40 பிஎஸ்ஐ என்று காற்று வைத்து, சந்தைக்கும் காட்டுக்கும் அதே காற்றில்தான் ஓட்டி வருகிறேன். மருந்தடிப்பதற்காக 500 லிட்டர் தொட்டி நிறையத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போகும்போது தட்டுத் தடுமாறியாவது போய்ச் சேர்ந்துவிடுகிறேன். தொட்டியைக் காலி செய்துவிட்டுத் திரும்பும்போதுதான் வினை வருகிறது. பின்சக்கரங்களில் ஒன்று, பெரும்பாலும் இடப்பக்கத்துச் சக்கரம், நின்ற இடத்திலேயே சுழன்று மண்ணைத் தோண்டுகிறது. மற்றது சும்மா நின்று வேடிக்கை பார்க்கிறது. போன வாரம் மட்டும் இருமுறை பக்கத்துக் காட்டு டிராக்டரை அழைத்து இழுக்க வேண்டியதாயிற்று. டிராக்டர்காரர் முகம் கோணாமல் வந்தார் என்றாலும் மூன்றாம் முறை அழைக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

டயர் கடையில் கேட்டால் அகலமான டயர் போடச் சொல்கிறார்கள். என் மைத்துனர் இந்த வண்டியை விற்றுவிட்டு நால்சக்கர இயக்கமுள்ள பழைய வண்டி ஒன்றை வாங்கச் சொல்கிறார். காற்றைக் குறைத்தால் போதும் என்று இன்னொருவர் சொல்கிறார். கையில் உள்ள பணத்துக்கு எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் வரிசைப்படுத்திச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கோவில்பட்டி ஸ்பானர்

தம்பி, உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. தொட்டி நிறைந்திருக்கும்போது போகிற வண்டி, தொட்டி காலியானதும் சிக்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதையும் டயரும் அப்படியே இருக்க, மாறியது பின்னச்சின் மேல் இருந்த எடை ஒன்றுதான். சுமையேற்றுவதற்கென்று செய்யப்பட்ட பிக்கப்பில் எஞ்சின், கியர் பெட்டி, ஓட்டுநர் அறை எல்லாம் முன்னால் இருப்பதால், காலி வண்டியின் எடையில் பாதிக்கு மேல் முன்சக்கரங்களின் மீதே விழுகிறது. ஆனால் வண்டியைத் தள்ள வேண்டிய பொறுப்போ பின்சக்கரங்களுடையது. எடை இல்லாத சக்கரத்துக்குப் பிடிமானம் இருக்காது. ஆகவே காலியாகத் திரும்பும் நாள்களில் ஐம்பது கிலோ மணல் மூட்டை நான்கைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். அவற்றைப் பின்னச்சுக்கு நேர் மேலேயோ அதற்குச் சற்று முன்னாலேயோ வைத்துக் கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும். கடைசிக் கதவோரம் தள்ளி வைத்தால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொண்டு ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. தொட்டியிலேயே 200 லிட்டர் மிச்சம் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அரைகுறையாக நிற்கும் தண்ணீர் வளைவில் ஒரு பக்கமாகத் தளும்பி வண்டியை ஆட்டிவிடும் என்பதால் நான் மணலைத்தான் சொல்வேன். சிக்கிக்கொண்டால் ஒரு மூட்டையை அவிழ்த்துச் சக்கரத்தின் முன் கொட்டிக்கொள்ளவும் அது உதவும்.

அடுத்தது காற்று. 60 பிஎஸ்ஐ என்பது முழுச் சுமையோடு தார்ச்சாலையில் போவதற்கான அளவு. காலி வண்டியில் அந்தக் காற்றோடு சகதிக்குள் இறங்கினால் டயர் மரக்கட்டைபோல விறைத்து நிற்கும். மேடு பள்ளத்தில் துள்ளும். துள்ளுகிற நேரமெல்லாம் மண்ணைத் தொடாது. காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகி விடுவதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தரையைத் தொடும் பரப்பு அகலத்தில் கூடுவதைவிட நீளத்தில்தான் அதிகம் கூடுகிறது. கூடுதல் பட்டன்கள், அதாவது டயரின் மேல்பரப்பில் உள்ள ரப்பர் கட்டைகள், ஒரே நேரத்தில் மண்ணைப் பற்றுவது அதனால்தான். காலியாகவோ அரைச் சுமைக்கும் குறைவாகவோ இருக்கும்போது, வண்டிப்பாதையில் இறங்குமுன் பின்னால் 35 வரையிலும் முன்னால் 28 வரையிலும் இறக்கிப் பாருங்கள். உங்களுடையது டியூப் டயர் என்பதை மறந்துவிடாதீர்கள். மிகவும் இறக்கினால் ரிம்மின் மேல் டயர் மெல்ல நகரும், உள்ளிருக்கும் டியூபும் கூடவே நகர்ந்து வால்வை வேரோடு பிய்த்துக்கொள்ளும். பிறகு சகதிக்குள் ஜாக்கி வைக்க இடம் தேட வேண்டியதுதான். எனவே 25க்குக் கீழே போகவே வேண்டாம். இறக்கிய காற்றோடு மணிக்கு 20, 25 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது. தார்ச்சாலை ஏறியதும் மறுபடியும் ஏற்றிவிட வேண்டும். பேட்டரியில் மாட்டி ஏற்றும் சிறு கம்ப்ரஸர் ஒன்றும், நம்பத் தகுந்த காற்றளவு மானி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து வருடப் பழைய பென்சில் மானியை நம்பி எதையும் செய்யாதீர்கள். டன் கணக்கில் சுமை இருக்கும் நாளில் இந்தக் குறைப்பு எதுவும் பொருந்தாது. ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவையே வையுங்கள்.

ஒரு சக்கரம் சுழல, மற்றது வேடிக்கை பார்க்கிறது என்றீர்கள். அது வண்டியின் கோளாறு அன்று. பின்னச்சின் நடுவே இருந்து இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கர அமைப்பான சாதாரண டிஃபரன்ஷியலின் இயல்பே அதுதான். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும் என்பதற்காக இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது இடம் கொடுக்கிறது. ஆனால் திருகு விசையை இரண்டுக்கும் சமமாகவே பிரிக்கிறது. சகதியில் இருக்கும் சக்கரம் ஒரு பங்கு விசையைத்தான் தாங்கும் என்றால், கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அந்த ஒரு பங்குதான் கிடைக்கும். டிராக்டர் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு மிதி இருக்குமே, அதை அழுத்தினால் இரண்டு பின்சக்கரங்களும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அது இல்லாவிட்டால் இடம் வலம் என்று தனித்தனியாக இருக்கும் பிரேக்குகளில், சும்மா சுற்றுகிற பக்கத்து பிரேக்கை மட்டும் லேசாக மிதித்தால் விசை மறுபக்கம் போகும். புதிய வண்டிகளில் கணினி செய்கிற பிடிமானக் கட்டுப்பாடும் இதே வேலையைத்தான் செய்கிறது. உங்கள் வண்டியில் இவை எதுவும் இல்லை. கைபிரேக் பின்சக்கர டிரம்மைப் பிடிப்பதாக இருந்தால், அதை இரண்டு மூன்று பல் மட்டும் இழுத்து வைத்துக்கொண்டு மெல்ல ஆக்சிலேட்டர் கொடுத்துப் பாருங்கள். சுழலும் சக்கரத்துக்குச் சற்றுத் தடை கிடைத்து மற்றச் சக்கரம் விழித்துக்கொள்ளும். பெரிய அதிசயம் எதுவும் நடக்காது. அரை அடி நகர வேண்டிய இடத்தில் அது போதும்; நகர்ந்தவுடன் விடுவித்துவிடுங்கள், இல்லையென்றால் பிரேக் கட்டை தீய்ந்துபோகும்.

இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கரை வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். உங்கள் வண்டியின் பின்னச்சுக்கென்றே செய்த பொருள் கிடைத்தால் ஒழிய வேண்டாம். வேறு வண்டியின் கூண்டை வெட்டி ஒட்டிச் செய்த வேலைகளை என் பட்டறையில் அவிழ்த்துப் பார்த்திருக்கிறேன்; பார்த்தபின் யாருக்கும் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

அகல டயரைப் பொறுத்தவரை, கடைக்காரர் விற்கட்டும், நீங்கள் வாங்காதீர்கள். கரிசலில் மேலே நாலைந்து அங்குலம் சகதி, அதற்குக் கீழே இன்னும் ஈரம் இறங்காத கெட்டி மண் என்ற நிலைதான் மழையின் தொடக்கத்தில் இருக்கும். ஒடுக்கமான டயர் அந்தச் சகதியை அறுத்துக்கொண்டு போய்க் கெட்டி மண்ணில் கால் ஊன்றும். அகல டயரோ மேலேயே மிதந்து வழுக்கும், முன்னால் சேற்றைக் குவித்துத் தள்ளும். அளவை மாற்றாமல் கோடுகோடாக இருக்கும் ரிப் டயரைக் கழற்றிவிட்டுப் பின்னால் லக் டயர் போடுங்கள். அதில் கட்டைகளுக்கு இடையே உள்ள பள்ளம் ஆழமாகவும் ஓரத்தில் திறந்தும் இருப்பதால் அப்பிய மண் சுழற்சியில் தெறித்து விழ வழியிருக்கிறது. பட்டன் நெருக்கமான டயரில் கரிசல் ஒருமுறை அப்பினால் பத்து அடிக்குள் அது மொழுக்கைச் சக்கரம்தான். உற்பத்தியாளர் குறித்த அளவை விட்டு விலகினால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் காப்பீட்டுக்காரரும் கேள்வி கேட்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

புதூர் இளவட்டம்

அண்ணாச்சி, எங்கள் டிராக்டரின் பின்டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பித்தான் உழுகிறோம். எடை கூடிப் பிடிமானம் நன்றாக இருக்கிறது. பிக்கப் டயரிலும் அவ்வாறு தண்ணீர் நிரப்பினால் மூட்டை தூக்குகிற வேலை மிச்சமாகுமே?

கோவில்பட்டி ஸ்பானர்

ஆகாது. டிராக்டர் மெதுவாக ஓடுகிற வண்டி, டயரும் ஆளுயரம். பிக்கப்பின் சிறிய டயரில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு சாலையில் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சக்கரம் நடுங்கும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், பேரிங் சீக்கிரம் போய்விடும். அத்தோடு உள்ளே காற்றுக்கு இடமில்லாத டயர் பள்ளத்தில் விழும்போது அமுங்கிக் கொடுக்காது. மூட்டையைத் தூக்குங்கள் தம்பி, உடம்புக்கும் நல்லது.

மஸ்கட்வாசி

நான் பதினைந்து ஆண்டுகளாக ஓமானில் வேலை செய்கிறேன். இங்கே வஹீபா மணற்பரப்பில் இறங்குமுன் பிதியா ஊர்ப் பக்கத்தில் எல்லோரும் வண்டியை நிறுத்தி டயர் காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்குவார்கள். இறக்கியவர்கள் போய்விடுவார்கள், இறக்க மறந்தவர்கள் முதல் மேட்டிலேயே அச்சு வரை புதைவார்கள். ஆகவே நண்பர் ஸ்பானர் சொல்லும் 35 எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. தவிரவும் இங்கே அகலமான டயர்தான் மணலில் நன்றாக மிதக்கிறது என்பது என் அனுபவம்.

கோவில்பட்டி ஸ்பானர்

உங்கள் அனுபவம் மணலுக்கு முழுக்கச் சரி, அதை மறுக்கவில்லை. காய்ந்த மணலில் எவ்வளவு தோண்டினாலும் கீழேயும் மணல்தான். கால் ஊன்றக் கெட்டித் தரை கிடைக்காது என்பதால் மேலே மிதப்பதே வழி. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலுக்கும் இதே கணக்குத்தான். கரிசலில் கெட்டித் தரை கீழே காத்திருக்கிறது. உங்கள் பக்கத்து வண்டிகள் டியூப் இல்லாத டயரில், சுமையும் இல்லாமல் மணலுக்குப் போகின்றன என்பதும் கணக்கில் வர வேண்டும்.

மஸ்கட்வாசி

ஒப்புக்கொள்கிறேன். யோசித்துப் பார்த்தால் உங்கள் கரிசலுக்கு ஒப்பானது எங்கள் மணல் அன்று, கடலோரத்து உப்புச் சப்காதான். மேலே காய்ந்த பொருக்கு, கீழே களிச்சேறு. அதன்மேல் பழைய சக்கரத் தடத்தை விட்டு விலகாமல் போக வேண்டும், பொருக்கு உடைந்த இடத்தில் நிற்கவே கூடாது என்பதுதான் இங்குள்ளவர்கள் சொல்லும் முதல் பாடம். அங்கே காற்றைக் குறைத்தவர்களும் சிக்கிக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

கீழ்மலைக் காப்பி

தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் ஜீப்பும் பிக்கப்பும் ஓட்டுகிறவன் என்ற முறையில் சங்கிலியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். மழைக் காலத்தில் எங்கள் தோட்டத்துச் செம்மண் ஏற்றங்களில் சங்கிலி கட்டாமல் வண்டி ஏறாது. டயருக்குக் குறுக்கே ஏணிப் படிபோல வரும் இரும்புச் சங்கிலி, டயர் அளவுக்கு ஏற்றபடி கடைகளில் கிடைக்கிறது. எந்தச் சக்கரத்துக்கு எஞ்சின் விசை போகிறதோ அதில்தான் கட்ட வேண்டும் என்பதால் உங்களுக்குப் பின்சக்கரம். சகதிக்குள் மாட்டிக்கொண்ட பிறகு கட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். முழங்கால் சேற்றில் படுத்துக்கொண்டு கொக்கி மாட்டுகிற வேலை எதிரிக்கும் வரக் கூடாது. கெட்டித் தரையில் நின்று கட்டி, ஐம்பது மீட்டர் ஓட்டி, இறங்கித் தொய்வை மறுபடி இறுக்க வேண்டும். தொய்ந்த சங்கிலி சுழலும்போது மட்கார்டை அடிக்கும், உள்பக்கம் பிரேக் குழாயையே அறுத்துவிடும். மணிக்கு 25, 30 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். தார்ச்சாலை வந்ததும் கழற்றிவிடுங்கள்.

சங்கிலி கட்டியவுடன் பலருக்கும் தைரியம் கூடிவிடுகிறது. முன்சக்கரங்களுக்கு அதனால் எந்தப் பிடிமானமும் கூடவில்லை என்பதை இறக்கத்து வளைவில்தான் உணர்வார்கள். இறங்கும்போது முதல் கியரில் எஞ்சின் பிடிப்பிலேயே விடுங்கள், கிளட்சை மிதிக்காதீர்கள். உங்கள் ஓடைக்கரை இறக்கத்துக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நெடுஞ்சாலைக் கிழவர்

எல்லோரும் வண்டியைத் திருத்துகிறீர்கள். பாதையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இரண்டு கிலோமீட்டரும் ஒரே மாதிரி மோசமாக இருக்க வாய்ப்பில்லை. எந்த இடத்தில் சிக்குகிறீர்கள் என்று ஒரு மழைக் காலம் முழுக்கக் குறித்துப் பார்த்தால், பெரும்பாலும் ஓடைக்கு இருபுறமும், தண்ணீர் தேங்கும் ஒன்றிரண்டு தாழ்விலும் என்று மொத்தம் நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும்.

கரிசலில் உள்ள களிமண் ஈரம்பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் வெறும் சரளைக் கொட்டினால் இரண்டு மழைக்குள் சரள் கீழே போய்க் களி மேலே வந்துவிடும். ஊராட்சிப் பாதைகளில் இதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். முதலில் பாதையின் இரு ஓரத்திலும் வாய்க்கால் எடுத்து, நடுவை ஆமை ஓடுபோல் உயர்த்தித் தண்ணீர் நிற்காமல் செய்யுங்கள். சிக்கும் இடத்தில் மட்டும் ஓரடி ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு, உங்கள் பகுதியில் கரிசலுக்கு அடியில் கிடைக்கும் சுக்காங்கல்லை நிரப்பிக் கெட்டியாக மிதித்து, அதன்மேல் சரள் போடலாம். கரிசலோடு எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுண்ணாம்பைக் கலந்து, ஈரமாக்கி, அழுத்தினால் அதன் பசைத்தன்மை பெரிதும் குறையும். சாலைப் பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. களியும் கல்லும் கலக்காமல் இருக்கத் தென்னை நார் வலையை இடையில் விரிப்பதும் உண்டு. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் அதைப் பயன்படுத்த 2020ஆம் ஆண்டு முடிவெடுக்கப்பட்டபோது தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. பொதுப் பாதையாக இருந்தால் கை வைக்குமுன் ஊராட்சியில் சொல்லிவிடுங்கள்.

வைப்பாற்றங்கரை

அனைவருக்கும் நன்றி. ஸ்பானர் அண்ணாச்சி சொன்னபடி காற்றை 35க்கு இறக்கி மூன்று மூட்டை மணலோடு நேற்று காலியாகத் திரும்பினேன். இடப்பக்கச் சக்கரம் இருமுறை சுழன்றது, ஆனால் வண்டி நிற்கவில்லை. இரண்டு ஐயங்கள் உள்ளன. ஒன்று, நால்சக்கர இயக்க வண்டி என்ற யோசனையை அறவே விட்டுவிடலாமா? இரண்டு, இனியும் சிக்கினால் டிராக்டர் வைத்து இழுக்கும்போது கயிற்றை எங்கே மாட்டுவது? போன முறை பம்பரில் மாட்டி இழுத்ததில் பம்பரின் ஒரு முனை வளைந்துவிட்டது.

இரட்டைக் கியர்

நான் இசுசு வி-கிராஸ் என்ற நால்சக்கர இயக்கப் பிக்கப் வைத்திருக்கிறேன், எட்டயபுரம் பக்கம் இதே கரிசலில்தான் ஓட்டுகிறேன். முதல் ஐயத்துக்கு என் அனுபவம்: நால்சக்கர இயக்கம் பெரிய வசதிதான், சந்தேகமில்லை. நான்கு சக்கரமும் தள்ளும்போது ஒவ்வொன்றும் மண்ணிடம் கேட்கிற பிடிமானம் குறைகிறது. லோ ரேஞ்ச் என்ற தாழ்ந்த கியர் அடுக்கில் போட்டால் சக்கரத்துக்கு வரும் விசை ஏறத்தாழ இரண்டரை மடங்காகி, ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்துபோக முடிகிறது. டொயோட்டா ஹைலக்ஸ் 2022இல் இந்தியாவுக்கு வந்தபோது பின் டிஃபரன்ஷியலைப் பூட்டும் பொத்தானோடும் வந்தது. அது இன்னும் ஒரு படி மேல். ஆனால் டயர் சரியில்லாத நால்சக்கர வண்டி, நல்ல லக் டயர் போட்ட உங்கள் வண்டி சிக்கும் இடத்தைத் தாண்டி இன்னும் ஐம்பது அடி உள்ளே போய்ச் சிக்கும். இழுக்க வருகிற டிராக்டருக்கு அங்கே வரவே வழியிருக்காது. முதல் வருடம் எனக்கு நடந்தது அதுதான்.

வாங்குவதாகவே இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இப்படிப்பட்ட பிக்கப்களில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. எனவே காய்ந்த தார்ச்சாலையில் நால்சக்கர இயக்கத்திலேயே ஓட்டி வளைத்தால் உள்ளே முறுக்கேறிப் பல்சக்கரங்கள் பாழாகும். சகதி முடிந்ததும் இரண்டு சக்கரத்துக்கு மாற்றிவிட வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் முன்னச்சில் விசை ஏறுகிறதா என்று மண்ணில் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இழுப்பது பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. பம்பரிலோ, டிரெய்லர் மாட்டும் உருண்டைக் குமிழிலோ, ஸ்பிரிங் பட்டையிலோ, அச்சுக் கம்பியிலோ மாட்டக் கூடாது. சேசிஸோடு சேர்த்துப் போல்ட் போட்ட இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்டுங்கள். இல்லையென்றால் சரியான தரத்தில் ஒன்றைப் பொருத்தச் செய்யுங்கள். இரும்பு வடம் அறுந்தால் சாட்டைபோல் திரும்பி வரும். வடத்தின் நடுவே நனைந்த சாக்கு இரண்டைப் போட்டால் அந்த வேகம் ஓரளவு அடங்கும். வடத்தின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு ஆள்களை விலக்கி நிறுத்துங்கள். குறிப்பாகச் சிறுவர்களை, ஏனென்றால் ஊரே கூடி வேடிக்கை பார்க்கும். டிராக்டரை வெடுக்கென்று எடுக்கச் சொல்லாமல், முதலில் வடம் விறைக்கும் வரை மெல்ல நகரச் சொல்லி, பிறகு சீராக இழுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் கால் மணி நேரம் மண்வெட்டி எடுத்துச் சக்கரங்களின் முன்னால் சரிவு வெட்டி, அச்சுக்கு அடியில் முட்டிக்கொண்டிருக்கும் மண்ணை எடுத்துவிட்டால் பாதித் தடவை டிராக்டரே தேவைப்படாது.

புதூர் இளவட்டம்

சக்கரத்துக்கு அடியில் போட எங்கள் ஊரில் பருத்தி மாரும் பனை ஓலையும் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. போடலாம் அல்லவா?

கோவில்பட்டி ஸ்பானர்

தாராளமாகப் போடலாம். பருத்தி மாரைச் சக்கரம் உருளும் திசைக்குக் குறுக்காக அடுக்குங்கள். பனை மட்டையாக இருந்தால் கருக்கைச் சீவிவிட்டுப் போடுங்கள், டயரின் பக்கச் சுவரைக் கீறும். அவசரத்தில் வேலிக்கருவைக் கிளையை ஒடித்துப் போட்டவர் ஒருவர் சகதியிலிருந்து வெளியே வந்தார். ஒரே சாயங்காலத்தில் மூன்று பஞ்சரோடு வந்தார். பிளாஸ்டிக்கில் செய்த மீட்புப் பலகைகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் எதைப் போட்டாலும் சக்கரத்தைச் சுழற்றாமல் இரண்டாம் கியரில் மெல்ல ஏற்ற வேண்டும்; வேகமாகச் சுழற்றினால் பலகை பின்னால் நிற்பவர் காலில்தான் போய் விழும்.

வைப்பாற்றங்கரை

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். பின்னால் அதே அளவில் இரண்டு லக் டயர் போட்டேன். மணல் மூட்டை நான்கு, பாதை இறங்கும் இடத்தில் காற்றை இறக்குவது, தார்ச்சாலை ஏறியதும் கம்ப்ரஸரில் ஏற்றுவது என்று வழக்கமாகிவிட்டது; நான்கு டயருக்கும் ஏற்றி முடிக்க அரை மணி நேரம் ஆகிறது என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. சிக்கும் இடங்களை நெடுஞ்சாலைப் பெரியவர் சொன்னபடி குறித்துப் பார்த்தேன். நூறு மீட்டர் என்றார், அளந்தால் எழுபத்திரண்டு. ஓடையின் மேற்குக் கரையில் நாற்பது மீட்டருக்கு மட்டும், ஊராட்சித் தலைவரிடம் சொல்லிவிட்டு, பக்கத்துக் காட்டுக்காரர்கள் மூவரோடு பங்கு போட்டுச் சுக்காங்கல் நிரப்பி வாய்க்கால் எடுத்தோம். சங்கிலி வாங்கவில்லை.

கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்த மழைக்கு மறுநாள் ஒருமுறை சிக்கினேன். அன்று கெட்டி மண் என்று எதுவுமே இல்லை, இரண்டடி ஆழத்துக்கும் உளைதான். மண்வெட்டியும் பருத்தி மாரும் வைத்து ஒன்றரை மணி நேரத்தில் பின்னோக்கி எடுத்துவிட்டேன். அப்படிப்பட்ட நாள்களில் வண்டியைத் தார்ச்சாலை ஓரத்திலேயே நிறுத்திவிட்டு உர மூட்டையை டிராக்டரில் அனுப்புவது என்று முடிவு செய்திருக்கிறேன். வண்டியை விற்கும் பேச்சை மைத்துனர் இப்போதைக்கு நிறுத்திவிட்டார்.

கோவில்பட்டி ஸ்பானர்

மகிழ்ச்சி. பின்டயர் இரண்டிலும் வால்வு ரிம் துளையில் நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். சாய்ந்திருந்தால் டயர் நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். காற்றை 40க்குக் கூட்டி, டியூபைச் சரிசெய்து மாட்டச் சொல்லுங்கள்.

வைப்பாற்றங்கரை

வலப்பக்கம் நேராக இருக்கிறது. இடப்பக்கம் ஒரு விரல் அளவு சாய்ந்திருக்கிறது அண்ணாச்சி. நாளைக் காலையில் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோகிறேன்.